ஒரு சுற்று பாக்கி

ஆடிக் காற்று சேலையை ஒரு பக்கம் இழுக்க, நான் இன்னொரு பக்கம் நடக்க, சங்கரன்கோவிலில் கோயிலை முப்பத்தோராவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வலது தோளில் ஒரு சின்னத் துணிப்பை, இடது தோளில் ஒரு சின்னத் துணிப்பை. வலது பையில் புளியங்கொட்டைகள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கொட்டையை எடுத்து இடது பைக்கு மாற்ற வேண்டும். மொத்தம் நூற்றியெட்டு. சாமி விஷயத்தில் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நாற்பது வருடத்தை ஓட்டியவள் நான். அப்படிப்பட்டவள் உள்ளங்கால் காந்த, தலை கிறுகிறுக்க, வேண்டாத ஒன்றைக் கொடுத்துவிட்டதற்காக அம்மனுக்கு நன்றி சொல்லி நடந்துகொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் வந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "சந்தோசமா சுத்துங்க தாயி, நல்லதுதான்" என்றார்.

இந்த ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். நேர்ந்துகொண்டவர்கள் நூற்றியெட்டு, ஐநூற்றியொன்று, அதற்கும் மேலே என்று அவரவர் தெம்புக்குத் தகுந்தபடி கோயிலைச் சுற்றுவார்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றில்லை, தபசுக்குள் முடித்தால் போதும். சிவகிரியிலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, இருபது சுற்று சுற்றிவிட்டு, பூ வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், மறுநாள் விட்ட எண்ணிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. இதெல்லாம் ஒழுங்காக நேர்ந்துகொண்டவர்களின் கதை. நான் நேர்ந்துகொள்ளவே இல்லை. ஒரு நாள் கோபத்தில் கத்தினேன், ஊர் அதை நேர்ச்சையாக எடுத்துக்கொண்டது.

அதற்கு முந்தைய வருடம் வைகாசியில், பதவி உயர்வு என்று இனிப்பாகச் சொல்லி, சென்னையிலிருந்து என்னைத் தூக்கி இங்கே போட்டார்கள். ஆறு பேர் வேலை பார்க்கிற ஒரு காப்பீட்டு அலுவலகம். முதல் மாதம் நான் சுற்றுலாவுக்கு வந்தவள் போலத்தான் திரிந்தேன். பூ மார்க்கெட்டைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள்ளேயே மல்லிகை வாசம் வந்தால் ஃபோனை எடுத்து அம்மாவுக்குச் சொல்லுவேன். ஊர் பேசுகிற தமிழைக் கேட்டுக் கேட்டுத் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். மட்டன் பிரியாணியை வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிட்டேன்.

இரண்டாவது மாதம் அதே ஊர் எனக்கு எதிரியாகிவிட்டது. ஊர் ஒன்றும் மாறவில்லை. பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் "சாப்ட்டாச்சா" என்று கேட்டார்கள். கடைக்குக் கிளம்பினால் "எங்கன போறீய" என்றார்கள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று, இரண்டு முழம் பூவை அளந்துகொண்டே ஒரு பூக்காரம்மா கேட்டார். எதைக் கேட்டாலும் யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள், "பாப்போம்" என்பார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தர முடியுமா என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டேன், "பாப்போம் மேடம்" என்றார். நான் அதை நம்பி நான்கு வாரம் கொசுக்கடி வாங்கினேன். "பாப்போம்" என்றால் முடியாது என்று அர்த்தம், அந்த வார்த்தையோடு பேச்சை முடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ஆவணி வரை தெரியாது. சென்னையில் எதிர் ஃபிளாட்காரரைப் பதினோரு வருடம் லிஃப்டில் மட்டும் பார்த்துத் தலையாட்டியவள் நான். அதற்குப் பெயர் நாகரிகம் என்றும், உலகம் முழுக்க மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்றும், இவர்கள் மட்டும் எங்கோ தவறிப்போனவர்கள் என்றும் மனப்பூர்வமாக நம்பினேன்.

நான் குடியிருந்தது மாடியில். கீழ்வீட்டில் நைட்டி தைக்கிற ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். கணவர் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறார், மகள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் அவளை "மேடம்" என்றேன். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு யாரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் என்னை முதல் நாளே "மதினி" என்றாள். அப்படியென்றால் அவளுடைய எந்த அண்ணனுக்கு என்னைக் கட்டிவைத்தாள் என்று எனக்குக் குழப்பம். இங்கே பெண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதற்கு அண்ணன் யாரும் தேவையில்லை என்று பிறகு புரிந்தது.

என் கோபம் வெடித்தது தண்ணீரால். எங்கள் தெருவில் குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் எட்டு நாளாகும். எந்த நேரத்தில் வரும் என்று குழாய்க்கே தெரியாது. வரும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் அடுத்த முறை வரை கேன் தண்ணீர்தான். அதனால் இந்த ஊர் அலுவலகங்களில் "தண்ணி வருது" என்று ஃபோன் வந்தால் யாரும் அனுமதி கேட்பதில்லை, எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய ஒழுங்கீனமாகப் பட்டது. நான் அப்படி ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பெருந்தன்மையாக மாற்றுச் சாவியைக் கீழ்வீட்டு மதினியிடம் கொடுத்திருந்தேன்.

ஆனி மாதம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், குடம், வாளி மட்டுமில்லை, வீட்டில் குழிவாக இருந்த அத்தனையும் தண்ணீர். குக்கரில் தண்ணீர். டிபன் பாக்ஸில் தண்ணீர். காப்பி டிகாஷன் இறக்குகிற ஃபில்டரின் கீழ்ப்பாத்திரத்தில் தண்ணீர். மிக்ஸி ஜார் மூன்றிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். ஒரு தோசை ஊற்றக்கூடப் பாத்திரம் இல்லை. என்னுடைய அலமாரியைத் திறந்து, என்னுடைய பாத்திரங்களைத் தொட்டு, என்னைக் கேட்காமல் இவள் யார் இதைச் செய்ய என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கீழே இறங்கிக் கேட்கத் தைரியமில்லாமல், மறுநாள் அலுவலகத்தில் போய்க் கத்தினேன்.

"எனக்கு மட்டும் சென்னைக்கு மாற்றல் கிடைக்கட்டும், உங்க கோயிலை நூத்தியெட்டு தடவை சுத்துறேன்."

உதவியாளராக இருக்கிற அண்ணாச்சி, கையிலிருந்த டீத்தட்டை மேசையில் வைத்துவிட்டு, கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு மடித்த காகிதத்தில் குங்குமம் இருந்தது.

"நான் சும்மா கோபத்துல சொன்னேன் அண்ணாச்சி."

"கோவத்துல சொன்னா என்ன மேடம், சொல்லியாச்சுல்லா" என்றார்.

அதோடு அதை மறந்தேன். மாற்றல் விண்ணப்பத்தை மட்டும் மறக்காமல் அனுப்பினேன்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. ஒரு மனிதர் புது ஊருக்குப் பழகுவதை வாசலில் நின்று பார்க்க முடியாது போலிருக்கிறது. கால் பழகிவிடுகிறது, நாக்கு பழகிவிடுகிறது, காது பழகிவிடுகிறது. அபிப்பிராயம் மட்டும் எதுவும் தெரியாமல் பழைய இடத்திலேயே உட்கார்ந்து புகார் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் தினமும் அம்மாவிடம் ஃபோனில் இந்த ஊரைத் திட்டினேன். ஒரு நாள் பாதித் திட்டில் அம்மா குறுக்கே புகுந்து, "அது என்னடி, இருக்காவ, போறாவன்னு பேசுற" என்றாள். நான் அப்படிப் பேசவே இல்லை என்று சாதித்தேன். அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் சாப்பிட்டாயிற்றா என்று நானே முதலில் கேட்க ஆரம்பித்திருந்தேன். அதையும் நான் கவனிக்கவில்லை.

தை மாதம் மதினி ராயகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். போகும்போது தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் பதினொரு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து ஃபோன், தண்ணீர் வருகிறதாம். ஓடமாட்டேன் என்று சொன்னவள் கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். முதலில் என் வீட்டை நிரப்பினேன். பிறகு கீழ்வீடு. குடங்கள், வாளிகள், அண்டா. தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. வருகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேதனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குக்கரை எடுத்தேன், டிபன் கேரியரைப் பிரித்தேன், இட்லிக் கொப்பரை, பால் சட்டி, எண்ணெய் இல்லாத எண்ணெய்த் தூக்கு. வரிசையாக இருந்த ஆறு டம்ளரையும் நிரப்பிவிட்டு நிமிர்ந்தபோது தரையெல்லாம் ஈரம், நானும் தொப்பலாக நனைந்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் மதினி வந்து பார்த்தாள். அடுப்படி வாசலில் நின்றவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அட பாவி மதினி, டம்ளரக்கூட விடலியா நீங்க" என்றாள்.

ஆனி மாதத்துக் கதையை அப்போதுதான் சொன்னேன். என் வீட்டை அவள் நிரப்பியதும், நான் அலுவலகத்தில் கத்தியதும், எல்லாம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை ஊற்றப் பாத்திரம் இல்லாமல் போனதா என்று மட்டும் கேட்டு, மறுபடி சிரித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆடியில் கொடி ஏறி இரண்டாம் நாள், சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அலுவலகமே எழுந்து நின்றது. அண்ணாச்சி லட்டு வாங்கி வந்துவிட்டார். "அம்மன் கேட்டுட்டா மேடம்" என்று எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். லட்டை வாயில் வைத்துக்கொண்டு, இதை எப்படி விழுங்குவது என்று தெரியாமல் நின்றேன். எனக்குப் போக வேண்டாம் என்ற செய்தி எனக்கே அந்த நிமிடத்தில்தான் வந்து சேர்ந்தது.

வேண்டாமென்றால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும், போவதென்றால் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். மறுத்தால் மூன்று வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. பதினான்கு மாதமாக இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள், இப்போது எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? அங்கே அம்மா, தம்பி வீட்டில் எனக்கு ஒதுக்கிய அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிவிட்டாள். நான் மெதுவாக, பேச்சோடு பேச்சாக, ஒருவேளை போகாவிட்டால் இந்த நேர்ச்சை என்னவாகும் என்று கேட்டுப் பார்த்தேன்.

இந்த ஊரே ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று இரண்டு நாகர்கள் சண்டை போட, சாமி பாதி அவராகவும் பாதி இவராகவும் வந்து நின்று தீர்த்துவைத்த இடம். அப்படிப்பட்ட ஊரில் ஆறு பேர் இருக்கிற அலுவலகத்துக்கு ஒரு கேள்வி கிடைத்தால் விடுவார்களா? தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கேட்டது மாற்றல். கெடச்சாச்சு. அத வாங்குதீய, வாங்கல, அது ஒங்க பாடு. சுத்துறது சுத்தித்தான் ஆகணும்."

"அதெல்லாம் இருக்கட்டும் சார்" என்றார் அண்ணாச்சி. "சுத்தி முடிக்காம மட்டும் மேடம் ஊர விட்டுப் போகக்கூடாது. நேந்த சுத்து பாக்கி இருக்கயில ஊர் எல்லையத் தாண்டப்பிடாது."

அதில் மட்டும் அலுவலகம் முழுக்க ஒரே கருத்து. போகாவிட்டால் என்று நான் கேட்டதை ஒருவரும் நம்பவில்லை, விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மதினி மாடிக்கு வந்தாள். நைட்டி வெட்டி மிச்சமான பூப்போட்ட துணியில் இரண்டு பை தைத்திருந்தாள். நூற்றியெட்டு புளியங்கொட்டையை எண்ணி ஒன்றில் போட்டிருந்தாள். எப்படி மாற்ற வேண்டும் என்று தோளில் மாட்டிக் காட்டினாள். பிறகு இடுப்பிலிருந்து என் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்துப் பைகளின் மேல் வைத்தாள்.

"இத என்னத்துக்கு மதினி குடுக்குறீங்க?"

"இனி எனக்கெதுக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் பையின் தையலை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்தச் சாவியை எடுத்து என் சாவிக்கொத்தில் கோத்தேன். போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சுற்றினேன். காலையில் அலுவலகத்துக்கு முன்னால் பத்து, சாயங்காலம் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க வேகமாகச் சுற்றினேன். முதல் நாள் பாதம் கொப்பளித்தது. இரண்டாம் நாள் நான் கோயிலைச் சுற்றுகிறேனா, கோயில் என்னைச் சுற்றுகிறதா என்ற நிலைமைக்கு வந்தேன். மூன்றாம் நாள் ஐநூற்றியொன்று சுற்றுகிற ஒரு பாட்டி என்னை இரண்டு முறை முந்தினார், அது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. என்ன வேண்டிக்கொண்டு நடப்பது என்றுதான் தெரியவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள் என்றா, கொடுத்தாயே என்று நன்றியா? கடைசியில், எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் கொடு, அது போதும் என்று கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நூற்றியேழாவது கொட்டையை இடது பைக்கு மாற்றினேன். ஒரே ஒரு கொட்டை பாக்கி. ஃபோன் அடித்தது.

"மதினி, தண்ணி வருது" என்றாள் கீழ்வீட்டு மதினி. "சாவி ஒங்ககிட்டயில்லா இருக்கு. நான் என்ன செய்ய?"

நான் ஓடினேன். செருப்பு விட்ட கடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தோளிலும் பை ஆட, கூட்டத்துக்கு எதிர்த்திசையில், "வழி விடுங்க, தண்ணி வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். இந்த ஊரில் சாமிக்கும் அவ்வளவு சீக்கிரம் வழி விடுவார்களா தெரியாது, எனக்கு விட்டார்கள். வீட்டுக்கு வந்து, மாடிக் கதவைத் திறந்து, குழாயில் ஓஸைச் செருகி மேலே இழுத்தேன். குடம் நிரம்பியது. வாளி நிரம்பியது. அண்டா நிரம்பியது. குக்கரை எடுத்தேன். டிபன் பாக்ஸை எடுத்தேன். மிக்ஸி ஜாரை எடுத்து ஓஸின் வாயில் பிடித்தபோது கதவருகில் நிழல் தெரிந்தது.

மதினி நின்றிருந்தாள். வரிசையாக வைத்திருந்த பாத்திரங்களை ஒன்றொன்றாகப் பார்த்தாள்.

"அஞ்சு நாள்ல போறவுகளுக்கு எட்டு நாளுத் தண்ணி என்னத்துக்கு மதினி?"

நான் ஜாரைப் பார்த்தேன். ஓஸ் தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நாளில் போகிறவளுக்கு இரண்டு குடம் போதும் என்பது ஓடிவரும்போதும் தோன்றவில்லை, நிரப்பும்போதும் தோன்றவில்லை.

"நான் போகல மதினி" என்றேன். "எனக்குப் போக வேண்டாம். ஆறு நாளாச் சொல்ல முடியாமச் சுத்துதேன்."

சொல்லிவிட்டு அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தூக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்த கொத்திலிருந்து மாற்றுச் சாவியை உருவி, முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த ஓஸை வாங்கினாள்.

"ஜாரு பாதிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அதை நிரப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். தலைமை எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். அன்று அண்ணாச்சி கொடுத்த டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

"அங்க தண்ணிக் கஷ்டம்னு சொன்னியேடி" என்றாள்.

"ஆமாம்மா. எல்லாத்துலயும் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"திரைச்சீலை வாங்கிட்டேனே."

"ஒரு சுத்து பாக்கி இருக்கும்மா. அத முடிக்காம இந்த ஊர் எல்லையத் தாண்டக் கூடாதாம்."

அது பொய் என்று அம்மாவுக்குப் பிறகு தெரிந்துபோனது, ஏனென்றால் அடுத்து வந்த பொங்கலுக்குச் சென்னைக்குப் போய்விட்டு வந்தேன். அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, திரும்பி வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். வரும்போது அந்தத் திரைச்சீலையை மடித்துக் கையில் கொடுத்தனுப்பினாள் அம்மா. இப்போது என் மாடி ஜன்னலில் தொங்குகிறது, ஒரு சாண் நீளம் அதிகம், மதினி மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அந்த ஒற்றைப் புளியங்கொட்டை வலது பையிலேயே இருக்கிறது. பை கீழ்வீட்டில், என் வீட்டுச் சாவி தொங்குகிற அதே ஆணியில் தொங்குகிறது. இந்த வருடம் கொடி ஏறிய அன்று மதினி பையை எடுத்துத் தூசி தட்டி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஒரே ஒரு சுத்துதான மதினி. இந்த ஆடிக்காச்சும் முடிச்சுருவீயளா?"

"பாப்போம்" என்றேன்.

மதினி தலையாட்டிவிட்டுப் பையை ஆணியில் மாட்டினாள்.